வைக்கோல் சுவருக்கு அந்தப் பக்கம்

வீட்டை வாங்குவதற்கு முன் அதைப் பரிசோதிக்க வந்த மனிதர், வாசலிலிருந்து உள்ளே போகும் நடையின் சுவரில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். இது என்ன தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நானும் தட்டிப் பார்த்தேன். மெல்பனில் நான் இருந்த வீட்டின் சுவர்களைத் தட்டினால் வெறும் தகரப்பேணியைத் தட்டுவது போல இருக்கும். இது அப்படி இல்லை. அரிசி மூட்டையைத் தட்டுவது போலச் சத்தம் உள்ளேயே நின்றுவிட்டது.

"வைக்கோல்" என்றார் அவர். கோதுமை வைக்கோலைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையாக இறுக்கி, இரண்டு பக்கமும் தடித்த காகிதம் ஒட்டியிருப்பார்களாம். அந்தக் காலத்தில் கட்டிய சில வீடுகளில் அறைகளைப் பிரிக்க இதைத்தான் வைத்தார்களாம். உள்ளே மரச்சட்டம் கிடையாது. முழுக்க வைக்கோல். ஈரம் படாதவரை நூறு வருடமும் நிற்கும் என்றார். ஈரம் பட்டால் என்ன நடக்கும் என்று நான் கேட்டதற்கு, "வைக்கோலுக்கு என்ன நடக்குமோ அதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மறுநாள் வேலையில் இதைச் சொன்னபோது மதுரைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிட்னியில், வெஸ்ட்மீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சைக்குப் போய்வரும் கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, கிருமி நீக்கி, தட்டுகளில் அடுக்கும் பகுதியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறோம். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவனோடு பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள்.

"வைக்கோலாக்கா? அப்போ வீட்டுக்குள்ள மாடு கட்டுங்க."

"நீ ஒருத்தி. எனக்கு அந்த வீடு பிடிச்சிருக்கு."

"என்ன பிடிச்சிருக்கு அதுல?"

"சத்தமே இல்லை" என்றேன்.

அவள் அடுத்த தட்டை இழுத்து அடுக்கத் தொடங்கினாள்.  செவன் ஹில்ஸில் அந்தச் சின்ன, பழைய, பச்சை ஓட்டு வீட்டை நான் வாங்கியதற்குக் காரணமே அதுதான்.

அதற்கு முன்னால் நான் மெல்பனின் ஓரத்தில், கிரெய்கிபர்னில் இருந்தேன். கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருடம் ஒன்றாக இருந்துவிட்டு, அந்தப் புது வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருடம்கூட ஆகாமல் நாங்கள் பிரிந்தோம். அடியோ குடியோ வேறு பெண்ணோ ஒன்றும் இல்லை. ஆட்களுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்காததுதான் பெரிய கஷ்டம். பிள்ளை இல்லை. எங்களுக்குள் பேச்சும் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் பின்னேரம் நான் படுக்கையறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் அவர் லண்டனில் இருக்கும் தமையனோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். புது வீட்டுச் சுவர். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அவளோட இருக்கிறது ஆளில்லாத வீட்டில இருக்கிற மாதிரி அண்ணா. கதைக்கவும் மாட்டாள். சண்டை பிடிக்கவும் மாட்டாள்."

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் எழும்பிப் போய்ச் சண்டை பிடித்திருப்பேனோ என்னவோ. நான் உடுப்பை மடித்து முடித்து அலுமாரியில் வைத்தேன். இரவு சாப்பிடும்போது சொதிக்கு உப்புக் காணுமா, போதுமா என்று கேட்டேன். காணும் என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருடைய இருமல், அவர் குளியலறைக் குழாயைத் திறப்பது, அவர் பெருமூச்சு எல்லாமே சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரிந்த பிறகு சிட்னியில் வேலை கிடைத்ததும் வந்துவிட்டேன்.

வைக்கோல் வீட்டின் முதல் சில மாதங்கள் எனக்கு மருந்து போல இருந்தன. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் உலகம் நின்றுவிடும். ரயில் போவது கேட்காது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பது ஏதோ தூரத்துச் சந்தி நாய் போலக் கேட்கும். வேலைவிட்டு வந்து, தலை தோய்ந்து, சோறு சாப்பிட்டுவிட்டு அந்த அறைக்குள் போய்ப் படுத்தால் உடம்பு தளர்ந்துவிடும். அப்படி ஒரு நித்திரை எனக்கு வருடக்கணக்கில் வந்ததில்லை.

சனி ஞாயிறுகளில் வீட்டைத் திருத்தத் தொடங்கினேன். தரையில் ஒட்டியிருந்த பழைய காப்பெற்றை உரித்து எடுத்தேன். அடியில் நல்ல மரத்தளம் இருந்தது. ஜன்னல் சட்டங்களைச் சுரண்டி வெள்ளை அடித்தேன். குளியலறையில் குழாய் ஒழுகி ஒரு மூலைச் சுவர் ஊதிப்போயிருந்தது. காகிதத்தை வெட்டித் திறந்து பார்த்தபோது உள்ளே வைக்கோல் கறுத்து, மாட்டுக்கொட்டில் மணம் அடித்தது. அதற்கு மேலே ஈரம் எட்டாத இடத்தில் அது இன்னும் பொன்னிறமாக, நேற்று அறுத்தது போல இருந்தது. ஒரு கதிர்கூட முழுதாக இருந்தது, உள்ளே நான்கைந்து கோதுமை மணிகளோடு. அவற்றை ஈரப்பஞ்சில் சுற்றி ஜன்னல் ஓரம் வைத்தேன். முளைக்காது என்று தெரியும். என்றாலும் காலையில் எழும்பியவுடன் போய்ப் பார்ப்பேன். ஒரு கிழமையில் பூசணம் பிடித்தது. எறிந்துவிட்டேன்.

அந்த வருடம் தீபாவளி ஒரு வேலை நாளில் வந்தது. நான் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தேன். ஆரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் வடை சுட்டேன். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எப்போதும் பொரிப்பேன், மணம் படுக்கையறைக்குப் போகக்கூடாது என்று. பின்னேரம் குப்பை வாளி வைக்க வாசல் கதவைத் திறந்தால் படியில் ஒரு டப்பா இருந்தது. முறுக்கும் அதிரசமும். மூடியில் ஒட்டியிருந்த துண்டில் மதுரைக்காரியின் கையெழுத்து. உடனே ஃபோன் எடுத்தேன்.

"நீ வந்தனீயோ? ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிடலையா? பத்து நிமிஷம் நின்னேன்க்கா. பெல் அடிச்சேன், கதவத் தட்டினேன், ஃபோன் போட்டேன். கார் நிக்குது. நீங்க தூங்குறீங்களோ, இல்ல யாரையும் பாக்க இஷ்டமில்லையோன்னு வந்துட்டேன்."

"எனக்குக் கேக்கேல்லையடி. சத்தியமாக் கேக்கேல்லை. நான் குசினியில நிண்டனான். ஃபோன் அறையில சார்ஜில கிடந்தது."

"பரவால்லக்கா. அதிரசம் நல்லா வந்திருக்கா பாருங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் யாரையும் பார்க்க இஷ்டமில்லையோ என்று அவள் நினைத்த அந்தப் பத்து நிமிடம் என் மனதைவிட்டுப் போகவில்லை. நல்ல நாளும் பெருநாளுமாக ஒருத்தி முறுக்கோடு வந்து என் வாசலில் நின்றிருக்கிறாள். அந்த நேரம் சுவருக்கு இந்தப் பக்கத்தில் நான் தனியாக வடை சுட்டுக்கொண்டு, ஒருவரும் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடைக்கும் குசினிக்கும் இடையில் இருக்கும் சுவரை எடுத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முடிவு செய்தது சுலபம். செய்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. முதலில் வந்த சுவர் வேலைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சாமானில் தான் கை வைப்பதில்லை, தூசி தாங்காது என்று போய்விட்டார். இரண்டாமவர் வருகிறேன் என்று சொல்லி வரவேயில்லை. அந்தச் சுவர் கூரையைத் தாங்கவில்லை, எடுக்கலாம் என்று கட்டட வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். பழைய வீடென்பதால், மூச்சில் போனால் கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்றும் சோதித்தாயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து அந்தச் சுவரில் இருந்த வயர்களைக் கழற்றி மூடிவிட்டுப் போனார். மிச்சம் பலகைகளை இறக்குவதுதான். அதை நானே செய்வேன் என்று மதுரைக்காரியிடம் சொன்னேன்.

"தனியா பண்ணாதீங்கக்கா. ஒவ்வொரு பலகையும் ஒரு ஆள் கனம் இருக்கும்னு சொன்னீங்கல்ல? ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவர் தூக்குவாரு."

"ஓம், வாங்கோ" என்றேன்.

ஆனால் அதற்கு முதல் சனிக்கிழமை ஒன்று இருந்தது. தனியாக இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் என்னவென்று தெரியும். காலையில் எழும்பி, துணி தோய்த்து, கடைக்குப் போய்வந்த பிறகும் வெளிச்சம் அப்படியே இருக்கும். நடையில் போய் நின்று சுவரைப் பார்த்தேன். கொஞ்சம் தொடங்கி வைத்தால் நாளைக்கு அவர்களுக்கு வேலை குறையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டேன். வேலையில் பழக்கமானவைதான். குசினி மேசையில் ஃபோனை வைத்துத் தமிழ் ரேடியோ ஒன்றைப் போட்டேன். நேயர்கள் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லும் நிகழ்ச்சி. பிரிட்ஜை இழுத்துக் குசினியின் நடுவுக்குத் தள்ளி வைத்தேன்.

முதல் பலகையைக் கைவாளால் குறுக்கே அறுத்து, மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு துண்டாக இறக்கினேன். தூசி புகை போல எழுந்தது. ஆனால் வேலை நடந்தது. தரைக்கும் கூரைக்கும் இடையில் முதன்முதலாக ஒரு திறப்பு உண்டாகி, குசினி ஜன்னலின் வெயில் நடையில் வந்து விழுந்தது. அந்த நடையில் அதற்கு முன் வெயில் பட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷம் பொறுக்க முடியவில்லை. சந்தோஷம் வந்தால் அவசரமும் வரும் எனக்கு.

இரண்டாவது பலகையை அறுக்க அலுப்பாக இருந்தது. கை நோவெடுத்தது. வாளும் மழுங்கியிருந்தது. கீழே அதைப் பிடித்திருந்த மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு, அடியை மெல்ல என் பக்கம் இழுத்தால் முழுப் பலகையையும் சாய்த்துப் படுக்க வைக்கலாம் என்று நினைத்தேன். சட்டத்தை நெம்பி எடுத்தேன். அடியைப் பிடித்து இழுத்தேன். முதலில் அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தபோது மேலேயிருந்து கழன்று, ஒரேயடியாக இறங்கி, அதன் அடி விளிம்பு தரையில் வழுக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. பின்னால் போக நடையில் இடமில்லை. முதுகு எதிர்ச் சுவரில் மோத நான் சரிந்து இருந்துவிட்டேன். பலகையின் தலை குசினிப் பக்கம் பிரிட்ஜில் சாய்ந்து நின்றது. அடி, என் வலது கணுக்காலை எதிர்ச் சுவரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தது.

நோ உடனே தெரியவில்லை. என்ன இது, காலை எடுக்க முடியவில்லையே என்ற வியப்புத்தான் முதலில். பிறகு நோ வந்தது. பலகையைத் தள்ளினேன். இருந்தபடி தள்ளினால் அது அசைய மாட்டேன் என்றது. அசைந்த சிறு அளவுக்கும் கால்தான் இன்னும் நசிந்தது.

ஃபோன் மேசையில். பலகைக்கு அந்தப் பக்கம், எட்டி நடந்தால் நான்கடி தூரம்.

கத்தினேன். முதலில் ஆங்கிலத்தில் கத்தினேன், உதவி உதவி என்று. எனக்கே அது வேறு யாரோ கத்துவது போலக் கூச்சமாக இருந்தது. பிறகு, "ஆராவது இருக்கிறீங்களோ!" என்று கத்தினேன். கடைசியில் சொல் ஒன்றும் இல்லாமல் வெறும் சத்தமாகக் கத்தினேன். என் சத்தம் என்னைச் சுற்றியிருந்த மிச்சச் சுவர்களுக்குள் போய் அடங்கியது. வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே எங்கோ புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது; அது தூரத்துத் தும்பி ரீங்காரம் போலத்தான் எனக்குக் கேட்டது. எனக்கே அது அவ்வளவு மெல்லக் கேட்டால், அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு நான் எப்படிக் கேட்பேன்?

ரேடியோ மட்டும் தெளிவாகக் கேட்டது. அறிவிப்பாளர் உற்சாகமாக, "வணக்கம், யார் பேசுறீங்க? எங்கேயிருந்து பேசுறீங்க?" என்று கேட்டார். ஒரு பெண் தன் மருமகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னாள். பேரை இன்னொரு தரம் சொல்லுங்கோ என்றார் அவர். சொன்னாள். பிறகு பாட்டு. பாட்டின் நடுவில் ரேடியோ நின்று ஃபோன் மணி அடித்தது. யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். "நான் இங்க இருக்கிறன்" என்று அந்த ஃபோனைப் பார்த்துக் கத்தினேன், எடுக்காத ஃபோனுக்குள் கேட்குமா என்று யோசியாமல். அடித்து அடித்து ஓய்ந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அப்போதுதான் அழுதேன். நோவுக்கு இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள் என்று நான் மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் அழுகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால், திங்கள் வேலைக்குப் போகாவிட்டால் தேடுவார்கள். அதற்கு முன் என்னைத் தேட இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. இதை நான் முன்பும் அறிந்திருந்தேன். ஆனால் தரையில் இருந்துகொண்டு அறிவது வேறு.

அழுது முடிந்த பிறகு சுற்றிப் பார்த்தேன். வாள் எட்டாத தூரத்தில் கிடந்தது. ஜன்னல் சட்டம் சுரண்ட வைத்திருந்த தகட்டுச் சுரண்டி என் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, பலகையின் அடியில், காலுக்கு நேர் மேலே காகிதத்தைக் குத்திக் கிழித்தேன். உள்ளே வைக்கோல் இறுகி மரம் போல இருந்தது. ஆனால் விளிம்பில் குத்தி நெம்பினால் பிஸ்கட் போல ஒரு சில்லு கழன்றது. இன்னொன்று. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் பிடுங்கினேன். கொத்தாக வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறு நினைவே இல்லை. குத்துவதும் நெம்புவதும் பிடுங்குவதும்தான். நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. மடியெல்லாம் வைக்கோல் குவிந்தது. குசினியிலிருந்து நடைக்கு வந்த வெயில் சுவரில் ஏறி, மங்கி, இல்லாமல் போனது.

எலி வளை போலப் பலகையில் ஒரு துவாரம் உண்டானதும் கணுக்காலைச் சுற்றியிருந்த இறுக்கம் தளர்ந்தது. சப்பாத்தை உள்ளேயே விட்டுவிட்டுக் காலை உருவி எடுத்தேன்.

எழும்ப முடியவில்லை. தவழ்ந்து போய் மேசையிலிருந்து ஃபோனை இழுத்து எடுத்தேன். தவறிய அழைப்பு மதுரைக்காரியுடையது. நாளைக்கு இட்லி கொண்டுவரவா பிரியாணி கொண்டுவரவா என்று ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் சொல்லியும் கேட்காமல் செய்தேனே என்ற வெட்கம். கால் இந்த நிலையில் இருக்க, நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். காற்று வேண்டும் போல இருந்தது. தவழ்ந்தே போய்ப் பின்கதவைத் திறந்து படியில் இருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மனிதர் புல் வெட்டி முடித்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். தனியாக இருப்பவர். நாங்கள் அதுவரை கை அசைத்ததோடு சரி. அவர் என்னைப் பார்த்தார். தலை, முகம், உடுப்பு எங்கும் வைக்கோல். ஒரு காலில் சப்பாத்து இல்லை. விரலில் இரத்தம்.  பக்க வாசலைத் திறந்துகொண்டு வந்தார். காலைப் பார்த்தார். திரும்பிப் போய், உறைந்த பட்டாணிப் பையொன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து கணுக்காலில் வைத்தார். பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது அது மிகச் சின்ன விஷயம் போல இருந்தது.

"நான் இங்கேதானே இருந்தேன்" என்றார் அவர், தன் மெஷினைத் திரும்பிப் பார்த்தபடி. "முழு நேரமும் இங்கேதான் இருந்தேன்."

காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர் இன்னொன்றும் சொன்னார். நான் குடிவந்த புதிதில் மூன்று நான்கு தரம் என் கதவைத் தட்டினாராம். கார் நின்றதாம். ஒருவரும் திறக்கவில்லையாம். ஆட்களை விரும்பாதவள் போல என்று நினைத்து விட்டுவிட்டாராம்.

"ஒரு நாள் வாசலில் எலுமிச்சம்பழப் பை ஒன்று கிடந்ததே, அது நீங்கள் வைத்ததா?"

"ஆம். என் மரத்தில் அந்த வருடம் நிறையக் காய்த்தது."

நான் அதை ஏதோ கடைக்காரர் வீடு மாறி வைத்துவிட்டுப் போனது என்று நினைத்து, பயத்தில் பல நாள் தொடாமல் வைத்திருந்தேன். கடைசியில் ஊறுகாய் போட்டேன். அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கால் துடிக்கத் துடிக்க.

தினமும் பணியாளர் கதவால் போகும் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு நோயாளிகளின் கதவால் போனேன். பதிவு செய்யும் மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் இன்னும் அதே ஆள்தானா என்று. பிரிந்துபோன என் கணவரின் பெயரைச் சொன்னாள். மெல்பன் இலக்கம், நான் சிட்னிக்கு வந்த புதிதில் காய்ச்சலோடு இங்கே வந்தபோது கொடுத்தது. அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் யார்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு மனிதர் கொஞ்சம் தள்ளி, என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். யார் என்று நான் யோசித்த நேரம் மிக நீளமாக இருந்தது. பிறகு மதுரைக்காரியின் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்தேன். உறவுமுறை என்ன என்று கேட்டாள். வேலையில் கூட இருப்பவள் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கச்சி என்று சொல்லிவிட்டேன்.

படம் எடுத்து, எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது என்று சொல்லி, முழங்கால்வரை வரும் ஒரு பெரிய பூட்ஸைக் கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டிலில் இருந்துகொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"நான் உன்ர நம்பரைக் குடுத்திட்டன். உன்னைக் கேக்காமல்."

"எந்த நம்பர்? எங்க குடுத்தீங்க? எங்கக்கா இருக்கீங்க?"

சொன்னேன். அவள் சத்தம் போட்டாள். என் வயதுக்கு எனக்கு அப்படி ஒருவரும் ஏசி நான் கேட்டதில்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு நாள் பொறுக்க முடியாதா? செத்துக் கித்துப் போயிருந்தா நான் வந்து கதவத் தட்டிட்டு இட்லிய வச்சிட்டுப் போயிருப்பேன், தெரியுமா?" என்றவள் அழத் தொடங்கிவிட்டாள். நான் ஃபோனைக் காதில் வைத்தபடி இருந்தேன்.  அவள் ஏச ஏச எனக்கு நெஞ்சில் ஏதோ இளகிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவளும் கணவனும் வந்தார்கள். என்னைக் குசினியில் ஒரு கதிரையில் இருத்தி, இன்னொரு கதிரையில் காலைத் தூக்கி வைத்துவிட்டு, அசையக்கூடாது என்று கட்டளை போட்டாள். அவளுடைய கணவனும் பக்கத்து வீட்டு மனிதரும் பலகைகளைத் துண்டு துண்டாக அறுத்து, இரண்டு பக்கமும் பிடித்து, முற்றத்தில் நின்ற குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரின் ஆங்கிலம் மற்றவருக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். துவாரம் விழுந்த பலகையைத் தூக்கும்போது அதை எல்லோரும் ஒரு தரம் நின்று பார்த்தார்கள். அதற்குள் என் சப்பாத்து இன்னும் இருந்தது. இட்லியும் சாம்பாரும் எல்லோருக்கும் போதுமாயிருந்தது. பக்கத்து வீட்டு மனிதர் இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அரிசியும் உளுந்தும்தான் என்றாள் அவள்.

பின்னேரம் அவர்கள் போன பிறகு வீடு பெரிதாக இருந்தது. படுக்கையறையைச் சுற்றியுள்ள சுவர்களை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். ஆனால் குசினியிலிருந்து வாசல்வரை இப்போது ஒரே இடம். மழை பெய்தால் வாசல் பக்கத் தகரத்தில் விழுவது கேட்கிறது. ரயில் கேட்கிறது. வெயில் வருகிறது, குளிரும் வருகிறது. இத்தனை பெரிய இடத்தில் ஒரு கோப்பையைக் கழுவி ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைக்கும்போது முன்பைவிடத் தனிமையாக இருக்கும் நாட்களும் உண்டு. சுவரை எடுத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மதுரைக்காரிக்கு வேலை நேரம் மாறிவிட்டது. கிழமைக்கு ஒரு நாள் காண்பதே பெரிது. அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய ஆளாக அவள்தான் இன்னும் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு மனிதர் அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு, பிரிஸ்பனில் மகளுக்குப் பக்கத்தில் இருக்கப் போனார். மகள் கூப்பிட்டாளா, அவராகவே போகிறாரா என்று நான் கேட்கவில்லை. சாமான் ஏற்றிய லொறி முன்னால் போய்விட்டது. அவர் தன் பழைய காரில் தனியாக ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தார். வழியில் சாப்பிடச் சான்ட்விச் செய்து கொடுத்தேன். கார்க் கதவருகே நின்று, நாங்கள் எல்லோருக்கும் வழமையாகச் சொல்வதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு ஃபோன் எடுங்கோ."

அவர் கார்க் கதவைப் பிடித்தபடி திரும்பினார். "உண்மையாகவா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது.

இரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, ஃபோன் அடித்தது. ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறாராம். இதுவரை சுகமாக வந்துவிட்டேன் என்றார். பின்னேரம் ஒரு தரம் எடுத்து, இன்று இரவு ஒரு மோட்டலில் தங்குவதாகச் சொன்னார். மறுநாள் மத்தியானம் எடுத்து, பாலம் ஒன்றைக் கடந்துவிட்டேன், ஆறு பெரிதாக ஓடுகிறது என்றார். ஒவ்வொரு தரமும் நான் சரி, கவனமாகப் போங்கோ என்றேன். கடைசியாக அன்று பொழுதுபடும் நேரம் எடுத்தார். பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"வந்து சேர்ந்துவிட்டேன்" என்றார்.

"நல்லது" என்றேன்.

 இரண்டு பேரும் உடனே ஃபோனை வைத்துவிடவில்லை. அங்கே யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போங்கோ, சாப்பாடு ஆறிவிடும் என்றேன். ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த நடையின் மறுபக்கச் சுவருக்கு வெள்ளை அடிக்கத் தூரிகையை எடுத்தேன்.